தேய்மானம் கழிக்காத கணக்கு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிடிபி எண், அதாவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, வெளியாகிறது. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இலக்கம் ஏறினால் ஒரு தலைப்புச் செய்தி, இறங்கினால் இன்னொரு தலைப்புச் செய்தி, ஆட்சியில் இருப்பவர்கள் ஒரு அறிக்கை விடுவார்கள், எதிர்க்கட்சி இன்னொன்று விடும், ரெண்டு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். இந்த எண் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. காடு அழிகிறதே, ஆறு கெடுகிறதே என்ற வருத்தம் அதில் உண்டுதான், ஆனால் குறையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிற ஆள். நிறுவனங்களின் லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும்தான் என் அன்றாட வேலை. அந்தத் தொழிலில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கிற ஒரு விதியை, ஜிடிபி போடுவதற்கு உலக நாடுகள் எல்லாம் கூடி ஒப்புக்கொண்ட தேசியக் கணக்கு முறை எழுபது வருடமாக மீறி வந்திருக்கிறது.

விதி ரொம்பச் சாதாரணமானது. சொத்தை விற்று வந்த பணம் வருமானம் ஆகாது. ஒரு நிறுவனம் தன் இயந்திரங்களை ஒவ்வொன்றாக விற்று, வந்த தொகை முழுவதையும் விற்பனை வரவு என்று எழுதி, இந்த வருடம் அமோக லாபம் என்று பங்குதாரர்களிடம் காட்டினால், எந்தத் தணிக்கையாளரும் அதில் கையெழுத்துப் போடமாட்டார். விற்காமல் வைத்து ஓட்டினாலும், இயந்திரம் தேய்கிறது என்று வருடா வருடம் ஒரு தொகையைக் கழித்த பிறகுதான் லாபம் என்று எதையும் சொல்ல முடியும். ஆனால் ஒரு நாடு தன் எண்ணெயை எடுத்து விற்கும்போதும், காட்டை வெட்டி விற்கும்போதும், கடலில் இருக்கிற மீனை அது பெருகும் வேகத்தைவிட வேகமாகப் பிடித்து விற்கும்போதும், அந்தத் தொகையில் செலவு போக மிச்சம் முழுவதும் வருமானமாகவே ஏறுகிறது. குறைந்துபோன இருப்புக்காக ஒரு பைசா கழிவதில்லை.

இதில் எனக்கு ஆச்சரியம், இதைத் தொடங்கியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை என்பதுதான். அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் எவ்வளவு ஆழமானது என்று அளக்கச் சொல்லி சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளரிடம் வேலையைக் கொடுத்தார்கள். 1934இல் அவர் செனட் சபைக்குக் கொடுத்த அறிக்கைதான், 1929க்கும் 1932க்கும் இடையில் தேசிய வருமானம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று முதன்முதலில் எண்ணால் காட்டியது. அதே அறிக்கையிலேயே அவர் எச்சரித்தும் இருந்தார்: இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டின் நலத்தை ஊகிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். அவருடைய விருப்பம், சமூகத்துக்குக் கேடு செய்பவற்றையும், வேறு வழியில்லாமல் செய்தாக வேண்டிய செலவுகளையும் கழித்துவிட்டு வருமானத்தைக் கணக்கிட வேண்டும் என்பது. அப்புறம் இரண்டாம் உலகப்போர் வந்தது. போரில் இருக்கிற அரசுக்கு வேண்டியது, நாட்டில் மொத்தம் எவ்வளவு உற்பத்தி நடக்கிறது, அதில் எவ்வளவைத் துப்பாக்கிக்கும் டாங்குக்கும் திருப்ப முடியும் என்ற கேள்விக்கு வேகமான பதில். பிரிட்டனில் பொருளியலாளர் கெய்ன்ஸின் தூண்டுதலில் ஜேம்ஸ் மீடும் ரிச்சர்ட் ஸ்டோனும் போட்ட கணக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. 1953இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட முதல் தேசியக் கணக்கு முறைமை ஸ்டோன் தலைமையில் உருவானது. போர்க்காலத் தேவைக்குப் பிறந்த கருவி, சமாதான காலத்தில் முன்னேற்றத்தின் அளவுகோலாக உட்கார்ந்துவிட்டது.

இதற்கிடையே ஜான் ஹிக்ஸ் என்ற பொருளியலாளர் 1939லேயே வருமானம் என்றால் என்ன என்று தெளிவாக எழுதிவிட்டார். வாரத் தொடக்கத்தில் எவ்வளவு வசதியோடு இருந்தோமோ, வாரக் கடைசியிலும் அதே வசதியோடு இருக்கும்படி இடையில் அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்க முடியுமோ, அவ்வளவுதான் வருமானம். அதற்கு மேல் செலவழித்தால் மூலதனத்தைத் தின்கிறோம். கணக்காளர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை, நாங்கள் தினமும் செய்வதுதான். தேசியக் கணக்கிலும் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் சாலைக்கும் தேய்மானம் போட்டுக் கழித்து, நிகர உள்நாட்டு உற்பத்தி என்று ஒரு எண் எடுக்கிறார்கள். அந்த நிகர எண்ணையே யாரும் பேசுவதில்லை என்பது ஒரு பக்கம். அதிலும் மனிதன் செய்த சொத்துக்கு மட்டும்தான் தேய்மானம் உண்டு, இயற்கை தந்த சொத்துக்குக் கிடையாது என்பது இன்னொரு பக்கம்.

நவூருவின் கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் தீவு. மேலே தரமான பாஸ்பேட், உரத்துக்கு வேண்டியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே வெளிநாட்டுக்காரர்கள் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1968இல் சுதந்திரம் வந்தபின் சுரங்கம் அந்த நாட்டின் கைக்கு வந்தது. 1970களில் தலைக்கு வருமானத்தில் உலகிலேயே மிக உயர்ந்த நாடுகளில் ஒன்றாக நவூரு இருந்தது. அந்த வருடங்களின் தேசிய வருமானக் கணக்கை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தால், இப்படி ஒரு வளமான நாடா என்றுதான் நினைப்பார். ஆனால் கணக்கில் வரவாக ஏறிய ஒவ்வொரு டன்னும் தீவின் உடம்பிலிருந்து போனது. பாஸ்பேட் எடுத்த இடத்தில் மண் இல்லை, கூர்கூரான சுண்ணாம்புப் பாறைத் தூண்கள்தான் மிச்சம். தீவில் சுமார் 80 சதவீதம் இப்படி ஆகிவிட்டது. மக்கள் கடற்கரை ஓரத்து ஒல்லியான வளையத்தில் வாழ்கிறார்கள்.

அவர்கள் முன்யோசனை இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பாஸ்பேட் தீர்ந்த பிறகு பிழைக்க வேண்டும் என்று ஒரு அறக்கட்டளை நிதி வைத்தார்கள். அதிலிருந்து மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம்கூடக் கட்டினார்கள். நிதி மோசமான முதலீடுகளிலும் கடனிலும் கரைந்தது, கட்டடத்தை 2004இல் விற்க வேண்டியதாயிற்று. சுதந்திரத்துக்கு முன் நடந்த அழிவுக்காக நவூரு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 1993இல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. சரி, ஒரு நாடு தன் ஒரே சொத்தை விற்றுக்கொண்டிருக்கும்போது, அந்த விற்பனையை முழு வருமானம் என்று காட்டுகிற கணக்கைப் பார்த்துத்தானே அதன் ஆட்சியாளர்கள் பட்ஜெட் போட்டார்கள்? நிதியைக் கரைத்தது ஆட்களின் தவறு. ஆனால் கரைகிறது என்று வருடா வருடம் முதல் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டிய எண் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் ஒரு கணக்காளனாக எனக்குக் கோபம் வருகிறது. 2008ஆம் ஆண்டின் தேசியக் கணக்கு விதிகளை எடுத்துப் பாருங்கள். சுரங்கத்தில் கனிமம் குறைவதை அவர்கள் பதியாமல் விடவில்லை. பதிகிறார்கள். ஆனால் உற்பத்திக் கணக்கிலோ வருமானக் கணக்கிலோ பதிவதில்லை, 'சொத்து அளவில் ஏற்படும் மற்ற மாற்றங்கள்' என்று பின்னால் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது, அதில் பதிகிறார்கள். நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்தது, போரில் சொத்து அழிந்தது மாதிரி யாரும் எதிர்பாராத இழப்புகள் போகிற இடம் அது. வேண்டுமென்றே, திட்டம் போட்டு, ஆள் வைத்து, கப்பலில் ஏற்றி விற்ற தாதுவின் குறைவை இயற்கைப் பேரிடர் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். விற்ற பணம் முதல் பக்கத்தில், விற்றதால் போன சொத்து யாரும் புரட்டாத கடைசிப் பக்கத்தில்.

இதைச் சரிசெய்தால் எண் எவ்வளவு மாறும் என்று முதலில் பளிச்சென்று காட்டியவர் ராபர்ட் ரெப்பெட்டோ. உலக வள நிறுவனத்தில் அவரும் சகாக்களும் 1989இல் இந்தோனேசியாவை எடுத்துக்கொண்டு, எண்ணெய், காடு, மண் என்ற மூன்றே மூன்று சொத்துகளின் தேய்வை மட்டும் கழித்துப் பார்த்தார்கள். 1971 முதல் 1984 வரை இந்தோனேசியாவின் ஜிடிபி வருடத்துக்கு 7.1 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு. தேய்வைக் கழித்தால் 4 சதவீதம். மீன் சேரவில்லை, தண்ணீர் சேரவில்லை, காற்று சேரவில்லை. அதற்கே இவ்வளவு வித்தியாசம். ஏழு சதவீதத்துக்கும் நாலு சதவீதத்துக்கும் உள்ள தூரம் சின்னது மாதிரித் தெரியும். ஏழில் போனால் பத்து வருடத்தில் இரட்டிப்பு, நாலில் போனால் பதினெட்டு வருடம் ஆகும்.

எவ்வளவு கழிப்பது என்பதில் சண்டை உண்டு. விற்ற தொகையில் செலவு போக மிச்சம் முழுவதையும் கழிக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். உலக வங்கியில் இருந்த சாலா எல் செராஃபி வேறு வழி சொன்னார். விற்பனையில் கிடைக்கும் நிகரத் தொகையை ரெண்டாகப் பிரி: ஒரு பங்கை முதலீடு செய்தால், சுரங்கம் தீர்ந்த பிறகும் அந்த முதலீடு மற்றப் பங்குக்கு இணையான தொகையைக் காலாகாலத்துக்கும் தந்துகொண்டிருக்க வேண்டும். முதலீட்டுக்குப் போவது மூலதனம், மிச்சம்தான் உண்மையான வருமானம். சூத்திரம் எளிது, நானே போட்டுப் பார்த்தேன். வட்டி 5 சதவீதம், சுரங்கத்தில் இன்னும் 20 வருட இருப்பு என்றால், கிடைக்கிற நூறில் 36 மூலதனம், 64 வருமானம். இருப்பு 10 வருடம்தான் என்றால் 58 மூலதனம் ஆகிவிடும். அதே 20 வருடம், வட்டி மட்டும் 2 சதவீதம் என்று வைத்தால் மூலதனப் பங்கு 66க்குப் போகிறது. எந்த வட்டி சரி என்று பொருளியலாளர்கள் வாழ்நாள் முழுக்க வாதிடலாம். ஆனால் பழைய தேசியக் கணக்கு எடுத்துக்கொண்ட மூலதனப் பங்கு பூஜ்யம். அந்தப் பூஜ்யம் வர வேண்டுமானால் சுரங்கம் ஒருநாளும் தீரக்கூடாது. துல்லியமாகக் கணக்கிட முடியாது என்று சொல்லி எதையும் கழிக்காமல் விடுகிறவர்கள், தாங்கள் ஒரு எண்ணைப் போட்டிருக்கிறோம் என்பதையும், போடக்கூடிய எண்களிலேயே நிச்சயமாகத் தவறானது அதுதான் என்பதையும் பார்ப்பதில்லை. எங்கள் தொழிலில் எந்த இயந்திரத்தின் ஆயுளும் துல்லியமாகத் தெரியாது. உத்தேசமாக ஒரு ஆயுளைப் போட்டு, எப்படிப் போட்டோம் என்று குறிப்பு எழுதி, தேய்மானத்தைக் கழித்துக்கொண்டுதான் போகிறோம்.

இதைப் பிரித்துப் பார்த்து நடந்த நாடும் உண்டு. நார்வேயில் 1969இல் வடகடலில் பெரிய எண்ணெய் வயல் கிடைத்தது. எழுபதுகளிலேயே அவர்கள் இயற்கை வளக் கணக்கு எழுதத் தொடங்கினார்கள். 1990இல் சட்டம் போட்டு, எண்ணெயில் அரசுக்கு வருகிற பணம் ஒரு நிதிக்குப் போக வேண்டும் என்று வைத்து, 1996இல் முதல் தொகையைப் போட்டார்கள். இப்போதைய வழிகாட்டு விதிப்படி நிதியில் பணவீக்கம் போக எதிர்பார்க்கும் ஈட்டம், அதாவது சுமார் 3 சதவீதம், அவ்வளவுதான் பட்ஜெட்டுக்கு எடுப்பது. தரைக்கு அடியில் இருந்த சொத்து வேறு வடிவத்தில் மேலே இருக்கிறது. கணக்கு ஒழுங்காக இருந்தால் மட்டும் இது நடந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை, அரசியல் ஒழுக்கமும் வேண்டும். ஆனால் எது மூலதனம், எது வருமானம் என்று பிரித்துப் பார்க்காத இடத்தில் அந்த ஒழுக்கத்துக்குப் பிடிமானமே கிடையாது.

கனிமம் என்றால் எடுத்தால் தீரும் என்று எல்லாருக்கும் தெரியும். தானாக வளர்கிற சொத்தில்தான் ஏமாற்றம் அதிகம். கனடாவின் கிழக்குக் கரை, நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் காட் மீன் பல நூற்றாண்டுகளாகப் பிடித்தார்கள், குறையவில்லை. பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தபின் 1968இல் மட்டும் 8 லட்சம் டன் அளவில் பிடித்தார்கள். கணக்கு ஏட்டில் அது ஒரு சாதனை வருடம். கடலில் இருக்கும் மீன் கூட்டத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மூலதனத்தில் கைவைத்த வருடம். 1992 ஜூலையில் கனடா அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியது, சுமார் முப்பதாயிரம் பேருக்கு வேலை போயிற்று. ரெண்டு வருடத்துக்கு என்று போட்ட தடை, முழுதாக விலக 2024 ஆயிற்று. அதுவும் முதலில் அனுமதித்தது 18,000 டன். நான் இதில் கவனிப்பது, 1968 முதல் 1992 வரை மீன்பிடித் துறையின் மதிப்பு என்று தேசியக் கணக்கில் ஏறிய எண் எதிலும் கடலுக்கு அடியில் என்ன மிச்சம் இருக்கிறது என்ற வரி கிடையாது. வெறும் வரத்து. இருப்பு இல்லாத சரக்குப் பதிவேடு.

அடுத்து மாசு. இதில் அடிக்கடி சொல்லப்படுகிற ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. எக்ஸான் வால்டெஸ் கப்பல் 1989 மார்ச்சில் அலாஸ்கா கரையில் மோதி சுமார் 37,000 டன் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது, சுத்தம் செய்யச் செலவான பணம் எல்லாம் ஜிடிபியைக் கூட்டியது, ஆகவே விபத்து நடந்தால் நாடு வளர்ந்ததாகக் கணக்கு வருகிறது என்று எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு விதிப்படி அது யார் காசு கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. கசியவிட்ட நிறுவனமே ஆள் வைத்துச் சுத்தம் செய்தால், அந்தச் செலவு அதற்கு இடைநிலை நுகர்வு, அதாவது உற்பத்திக்கான செலவாக வரவிலிருந்து கழிவது. சுத்தம் செய்த ஒப்பந்தக்காரரின் கூட்டிய மதிப்பு, அதாவது விற்றதில் இந்த மாதிரிச் செலவு போக மிச்சம், எவ்வளவு ஏறுகிறதோ, நிறுவனத்தின் கூட்டிய மதிப்பு அந்த அளவு குறையும். மொத்தத்தில் பெரிதாக எதுவும் ஏறாது. அதே வேலையை அரசு தன் பணத்தில் செய்தால், அது அரசின் இறுதி நுகர்வு, முழுத்தொகையும் ஜிடிபியில் ஏறும்.

இந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு ஆலை தன் புகைபோக்கியில் வடிகட்டி மாட்டி ஓட்டினால், அதை ஓட்டுவது செலவு, ஆலையின் கூட்டிய மதிப்பு குறைகிறது, நாட்டின் எண்ணில் பெரிதாக எதுவும் ஏறுவதில்லை. வடிகட்டி மாட்டாமல் புகையை வெளியே விட்டால், ஆலையின் கணக்கு சுத்தமாக இருக்கிறது, மதிப்பு அப்படியே. புகையைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனைக்குப் போனால் அது குடும்பங்களின் நுகர்வு, ஜிடிபி ஏறுகிறது. காற்றுச் சுத்திகரிக்கும் கருவி வாங்கினாலும் ஏறுகிறது. அரசு ஆற்றைச் சுத்தம் செய்தால் அதுவும் ஏறுகிறது. தடுத்தவனுக்குத் தண்டனை, விட்டவனுக்கு லாபம். துறைவாரியாக யார் எவ்வளவு பங்களிக்கிறார்கள் என்று பட்டியல் போடும்போது, தன் செலவை அடுத்தவர் தலையில் தள்ளியவர்தான் மேலே நிற்பார்.

தள்ளிய செலவைத் தள்ளியவர் கணக்கிலேயே எழுதினால் என்ன ஆகும்? மல்லர், மெண்டல்சன், நோர்தாஸ் என்ற பொருளியலாளர்கள் மூவர் 2011இல் அமெரிக்காவுக்கு அதைச் செய்து பார்த்தார்கள். காற்று மாசு மட்டும்தான், தண்ணீர் இல்லை, மண் இல்லை. ஒவ்வொரு தொழில்துறையும் வெளியேற்றும் மாசால் ஏற்படும் இழப்பை, அந்தத் துறை கூட்டும் மதிப்போடு பக்கத்தில் வைத்தார்கள். குப்பை எரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கல் குவாரி, நிலக்கரி மின்நிலையம் என்று சில துறைகளில் இழப்பு மதிப்பைவிடப் பெரிதாக வந்தது. நிலக்கரி மின்சாரத்தில், எந்த அனுமானங்களை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, இழப்பு கூட்டிய மதிப்பைப் போல 0.8 மடங்கிலிருந்து 5.6 மடங்கு வரை. உடனே எல்லாவற்றையும் மூடு என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, மின்சாரம் வேண்டும். மாசுக்குச் சரியான விலை இல்லாததால் அந்தத் துறை இருக்க வேண்டிய அளவைவிடப் பெருத்திருக்கிறது, புகையைக் குறைப்பதற்குச் செலவழிப்பது லாபமானது என்பதுதான் இதன் பொருள்.

இந்த எண் வருவதற்கு முன்னாலேயே அதைக் கண்டு பயந்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்க வணிகத் துறையின் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் 1994இல் சுற்றுச்சூழலைச் சேர்த்த ஒரு துணைக் கணக்கை வெளியிட்டது, அதுவும் மிக எச்சரிக்கையாக, கனிமத்தில் மட்டும் தொடங்கி. நாடாளுமன்றம் வேலையை நிறுத்தச் சொல்லி, வெளியார் குழு ஒன்று ஆராயட்டும் என்றது. எதிர்ப்பில் முன்னால் நின்றவர்கள் நிலக்கரி மாநிலங்களின் பிரதிநிதிகள். நோர்தாஸ் தலைமையில் அமைந்த குழு 1999இல் கொடுத்த அறிக்கை, இந்த வேலை தேவையானது, தொடருங்கள் என்றது. அதற்குள் ஐந்து வருடம் போய்விட்டது, வேலை பழைய வேகத்துக்கு வரவில்லை. சீனாவிலும் இதே மாதிரி. 2006இல் அரசு முதல் பசுமை ஜிடிபி அறிக்கையை வெளியிட்டு, 2004ஆம் ஆண்டின் மாசு இழப்பு 51,180 கோடி யுவான், ஜிடிபியில் 3.05 சதவீதம் என்று சொன்னது. எல்லா இழப்பும் அதில் சேரவில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். மாகாண அதிகாரிகளின் பதவி உயர்வு வளர்ச்சி எண்ணோடு கட்டப்பட்டிருந்த காலம் அது. தங்கள் மாகாணத்தின் எண் குறைவதை யார் விரும்புவார்கள்? அடுத்த வருட அறிக்கை தயாராகியும் வெளியே வரவில்லை.

ரெண்டு ஆட்சிமுறைகளும் எதிரும் புதிருமானவை, ஆனால் முடிவு ஒன்று. எனக்கு இதிலிருந்து கிடைத்த பாடம், இந்தக் கணக்கு வராததற்கு முதல் காரணமாக அளப்பது கஷ்டம் என்று சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பது. கஷ்டம்தான். ஆனால் ரெண்டு இடத்திலும் அளந்தார்கள், அளந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

அளப்பதில் உள்ள நியாயமான சிக்கலையும் சொல்லியாக வேண்டும். 1997இல் ராபர்ட் காஸ்டன்சாவும் சகாக்களும் உலகத்துச் சூழலமைப்புகள் தரும் சேவைகளின் மதிப்பு வருடத்துக்கு 33 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அப்போது உலகின் மொத்த உற்பத்தியே சுமார் 18 லட்சம் கோடி டாலர். மகரந்தம் சேர்க்கும் பூச்சி, வெள்ளத்தை உறிஞ்சும் சதுப்பு நிலம், கரியமில வாயுவை இழுக்கும் கடல், எல்லாம் சேர்த்து. மைக்கேல் டோமன் என்ற பொருளியலாளர், முடிவிலியைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள் என்று விமர்சித்தார். அவர் சொல்வது சரிதான். எல்லாச் சதுப்பு நிலமும் போனால் எவ்வளவு இழப்பு என்ற கேள்விக்கு விலை கிடையாது, அது போனபின் விலை கேட்க ஆள் இருக்கமாட்டார்கள். இந்தச் சதுப்பு நிலத்தில் இந்த நூறு ஏக்கரை நிரப்பினால் என்ன இழப்பு என்ற கேள்விக்குத்தான் பதில் உண்டு. இன்னொரு சிக்கல், ஒரு பொருள் அரிதாக ஆக அதன் விலை ஏறும். பாதிக் காடு போனபின் மரத்தின் விலை மும்மடங்கானால், மிச்சக் காட்டின் மதிப்பு பழைய முழுக் காட்டைவிட அதிகம் என்று ஏட்டில் வரும். பண மதிப்பு மட்டும் வைத்திருக்கிறவர்கள் இதில் நிச்சயம் வழுக்கி விழுவார்கள்.

அதனால்தான் பசுமை ஜிடிபி என்று ஒரே ஒரு எண்ணைக் கேட்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நல்ல நோக்கம், ஆனால் எல்லாவற்றையும் ஒரு எண்ணில் அடைத்தால் அதற்குள் இருக்கும் அனுமானங்கள் யார் கண்ணிலும் படாது, ஒரு வட்டி விகிதத்தை மாற்றி முடிவைத் திருப்பிப் போடலாம், எதிர்ப்பவர்களுக்கு அந்த ஒரு ஓட்டை போதும் முழுவதையும் தூக்கிப்போட. முதலில் டன்னிலும் ஹெக்டேரிலும் கன மீட்டரிலும் இருப்புக் கணக்கு வேண்டும்: தொடக்க இருப்பு, சேர்ந்தது, எடுத்தது, கடைசி இருப்பு. அதன் மேல்தான் பண மதிப்பு, அதுவும் எப்படிப் போட்டோம் என்ற குறிப்போடு. 2012இல் ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட சுற்றுச்சூழல்-பொருளாதாரக் கணக்கு முறைமை இப்படித்தான் அமைந்திருக்கிறது. 2021இல் சூழலமைப்புகளுக்கான கணக்கும் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்தத் துறை எவ்வளவு புகை விடுகிறது என்ற கணக்கை உறுப்பு நாடுகள் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆக, விதி இல்லை, வழி தெரியாது என்ற பேச்சுக்கு இனி இடம் இல்லை.

பண மதிப்பில் ஒரு எண் வேண்டும் என்றால், நான் வருமானத்தை விட்டுவிட்டுச் சொத்தைப் பார்க்கச் சொல்வேன். பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தா பிரிட்டன் அரசுக்காக எழுதி 2021இல் வெளிவந்த அறிக்கை அதைத்தான் செய்கிறது. 1992இலிருந்து 2014 வரை உலகத்தில் தலைக்கு உற்பத்தி மூலதனம், அதாவது சாலை, கட்டடம், இயந்திரம், இரட்டிப்பானது. மனித மூலதனம், அதாவது மக்களின் கல்வி, திறன், உடல்நலம், சுமார் 13 சதவீதம் கூடியது. இயற்கை மூலதனம் தலைக்கு கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. இந்த மூன்று எண்ணையும் கூட்டி ஒன்றாக்கினால், பரவாயில்லை முன்னேறுகிறோம் என்று வந்துவிடலாம். தனித்தனியாக வைத்தால்தான் எதை விற்று எதைக் கட்டுகிறோம் என்று தெரிகிறது, போனதைக் கட்டடத்தால் ஈடுகட்ட முடியுமா என்ற கேள்வியையும் கேட்க முடிகிறது.

2025 மார்ச்சில் தேசியக் கணக்கு முறைமையின் புதிய பதிப்பை ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்டது. நான் ரொம்ப நாளாகக் காத்திருந்த மாற்றம் அதில் இருக்கிறது. இயற்கை வளம் குறைவது இனி உற்பத்திச் செலவு. கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு வந்துவிட்டது. ஜிடிபி மாறாது, ஏனென்றால் அது கழிக்காத எண், ஆனால் நிகர உள்நாட்டு உற்பத்தியிலிருந்து இந்தத் தேய்வு கழிக்கப்படும், நிகர எண்ணுக்கு அதிக முக்கியத்துவம் கொடுங்கள் என்றும் புதிய முறைமை சொல்கிறது. நாடுகள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர இந்தப் பத்தாண்டின் கடைசி ஆகிவிடும். எண்ணெயிலும் தாதுவிலும் பிழைக்கிற நாடுகளின் நிகர எண் அப்போது கணிசமாக இறங்கும். அந்த நாடுகள் என்ன செய்யும்? நிகர எண்ணை ஜிடிபி வந்த ஆறு மாதம் கழித்து, யாரும் படிக்காத ஒரு அட்டவணையில் வெளியிடும். விதி அதைத் தடுக்காது. தேய்மான மதிப்பீட்டுக்கு நேரம் பிடிக்கும் என்று காரணமும் சொல்லலாம், காரணத்தில் உண்மையும் உண்டு. ஆனால் ஜிடிபியின் முதல் மதிப்பீடே பாதி உத்தேசம்தான், பின்னால் ரெண்டு மூன்று முறை திருத்துகிறார்கள். நிகர எண்ணையும் அதே உத்தேசத்தோடு அதே நாளில் போட்டுவிட்டுத் திருத்தட்டுமே.

புதிய விதியிலும் மாசு உள்ளே வரவில்லை. சுரங்கத்திலிருந்து எடுத்த நிலக்கரியின் குறைவு கழியும், அதே நிலக்கரியை எரித்த புகையால் வந்த இழப்பு கழியாது. நிலக்கரி மின்நிலையங்களின் கூட்டிய மதிப்பு 2025 விதிப்படியும் ஒரு டாலர்கூடக் குறையாமல் அப்படியே நிற்கும். சந்தை விலை இல்லாத இழப்பை மையக் கணக்குக்குள் கொண்டுவர மாட்டோம் என்பது புள்ளியியலாளர்களின் நிலை, அதில் அவர்களுடைய தொழில் எச்சரிக்கை புரிகிறது. அப்படியானால் துறைவாரியான புகை அட்டவணையையும் வள இருப்பு அட்டவணையையும் துணைக் கணக்கு என்று தனியே ஒதுக்காமல், ஜிடிபி செய்திக்குறிப்பிலேயே, துறைவாரியான மதிப்புக்குப் பக்கத்து நிரலில் அச்சிட வேண்டும். பல நாடுகளில் அந்த எண்கள் ஏற்கெனவே அரசிடம் இருக்கின்றன, வேறொரு கட்டடத்தில், வேறொரு அலுவலகத்தில், வேறொரு மாதத்தில் வெளியாகின்றன.